புத்தகம் வீட்டுக்கு வருகிறது, மிரட்டாதீர்கள்

அன்புள்ள பெற்றோருக்கும், வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டிமாருக்கும் வணக்கம்.

காலாண்டு விடுமுறைக்கு இந்த முறை எழுதிக்கொண்டு வர எதுவும் கொடுக்கவில்லை. ஆளுக்கு இரண்டு கதைப் புத்தகம் கொடுத்து அனுப்புகிறோம், அவ்வளவுதான். தயவுசெய்து அதையும் வீட்டுப்பாடமாக மாற்றிவிடாதீர்கள், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

"சார், பையன் புத்தகத்தையே தொடமாட்டேங்கிறான், நீங்க கொஞ்சம் மிரட்டி வைங்க" என்று கூட்டத்துக்கு வரும்போதெல்லாம் யாராவது சொல்கிறீர்கள். மிரட்டினால் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், பக்கம் நகராது. பிள்ளை வாய்விட்டுப் படிக்கும்போது 'மழை' 'மளை' ஆகிவிட்டால் உடனே குறுக்கே பாய்ந்து திருத்தாதீர்கள், அதை வகுப்பில் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். ஒரு சொல்லில் திக்கி நின்றால் கொஞ்சம் பொறுங்கள், வரவில்லையா, நீங்களே சொல்லிவிடுங்கள், கதை நகரட்டும். படித்து முடித்ததும் "இதில் என்ன நீதி?" என்று மட்டும் கேட்கவே கேட்காதீர்கள், பரீட்சை வாசனை வந்தால் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள்.

"எனக்கே படிக்கத் தெரியாதே சார்" என்பவர்களுக்குத்தான் முக்கியமாகச் சொல்கிறேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி தினமும் சாயங்காலம் பாட்டிக்குக் கதை வாசித்துக் காட்டுகிறாள். பாட்டி கீரை ஆய்ந்துகொண்டே கேட்பாராம், சும்மா கேட்கமாட்டார், "நரி அப்படியெல்லாம் செய்யாதுடி, நீ ஏதோ மாத்திப் படிக்கிற" என்று சண்டைக்கு வருவாராம். இவள் விடுவாளா, புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது என்று விரலை வைத்து அதே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக் காட்டியிருக்கிறாள். நாங்கள் வகுப்பில் கெஞ்சினாலும் இரண்டாம் முறை படிக்காத பிள்ளை அவள்! அடுத்து என்ன வரும் என்று நிஜமாகவே தெரியாத ஒருவர் எதிரில் இருந்து கேட்டால் பிள்ளைக்கு அவ்வளவு உற்சாகம்.

அப்புறம், சில புத்தகம் மெலிசாகப் படமும் இரண்டு வரியுமாக இருக்கும், "ஏழாவது படிக்கிறவனுக்கு இதா?" என்று கேட்காதீர்கள். பிள்ளைகளைப் படிக்கப் பழக்க அரசு நடத்தும் வாசிப்பு இயக்கத்தின் புத்தகங்களை 'நுழை, நட, ஓடு, பற' என்று நான்கு படியாகப் பிரித்திருக்கிறார்கள், எந்த வகுப்புப் பிள்ளையும் தனக்கு வசப்படும் படியிலிருந்து எடுக்கலாம். நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு வரும் 'ஊஞ்சல்', அதற்கு மேல் வகுப்புகளுக்கு வரும் 'தேன்சிட்டு' இதழ்களும் வீட்டில் எங்காவது கிடக்கும், தேடிப் பாருங்கள். உர மூட்டையில் இருப்பதைப் படித்தாலும் சரி, கல்யாணப் பத்திரிகையில் சித்தப்பா பெயரைத் தேடினாலும் சரி, எனக்கு அதுவும் படிப்புதான்.

நம் மன்னார்குடிப் பக்கம் 1931-லேயே மாட்டு வண்டியில் புத்தகத்தை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போயிருக்கிறார்கள், தெரியுமா? புத்தகம் இருக்கும் இடத்துக்கு ஆள் வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. இப்போது நம் ஊர் நூலகம் நடக்கும் தூரத்தில் இருக்கிறது, லீவில் ஒரு நாள் கூட்டிப்போய் உறுப்பினராக்கி விடுங்கள், கட்டணம் சொற்பம்தான்.

வயல் வேலை முடித்து அலுத்து வருகிறீர்கள், தெரியும். சாப்பாட்டுக்கு முன்னால் பத்து நிமிடம் டிவியையும் செல்போனையும் ஓரமாக வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். முடியாத நாளில் விட்டுவிடுங்கள்.

புத்தகம் கிழிந்துவிடுமே என்று பீரோவில் வைத்துப் பூட்டுகிறவர்களும் உண்டு. கிழியட்டும், குழம்புக் கறை படட்டும், அபராதம் கிடையாது, ஒட்டுவதற்குப் பசையும் பழைய காலண்டர் தாளும் பள்ளியில் நிறையவே இருக்கிறது. லீவு முடிந்து வரும் முதல் நாள் புத்தகத்தை மாற்றித் தருவோம், பிள்ளையோடு நீங்களும் வந்து உங்களுக்குப் பிடித்த ஒன்றை எடுத்துப் போகலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்