செல்விக்கு, இஞ்சி டிரெஸ்சிங் பற்றி

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி தத்தித் தத்தி நடக்கிறாள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. முழங்கால் வலிக்கு எண்ணெய் தேய்ப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல் ஒரு நல்ல டாக்டரையும் பார். மாடிப்படி ஏறி இறங்கும் வீட்டில் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

இங்கே சிங்கப்பூரில் எல்லோரும் நலம். சின்னவன் தேசிய சேவையை, அதாவது இந்த ஊர்ப் பையன்களுக்கான கட்டாய ராணுவ சேவையை, முடித்துவிட்டுப் பல்கலைக்கழகம் திறக்கக் காத்திருக்கிறான். என் வீட்டுக்காரருக்குத்தான் ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருக்கிறது, அரசாங்கப் பலதுறை மருந்தகத்தில் உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டார்கள். இங்கே இது வீட்டுக்கு வீடு நடக்கும் கதை. 2022இல் எடுத்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வின்படி, சிங்கப்பூர்வாசி சராசரியாக ஒரு நாளைக்கு 3,620 மில்லிகிராம் சோடியம் சாப்பிடுகிறார். 2,000 மில்லிகிராம்தான் உச்ச வரம்பு. அவர் ஊறுகாயையும் அப்பளத்தையும் விட்டுவிட்டார், ஆனால் பச்சைக் காய்கறித் தட்டைப் பார்த்தால்தான் முகம் வாடும். சாலட் மேல் ஊற்றிக்கொள்ளும் இந்த இஞ்சி டிரெஸ்சிங்கை நான் வீட்டிலேயே செய்ய ஆரம்பித்தது அவருக்காகத்தான். இப்போது தட்டில் வெள்ளரிக்காய் மிஞ்சுவதே இல்லை.

நீ வந்திருந்தபோது ஆர்ச்சர்ட் ரோடு கடைத்தொகுதியில் சாப்பிட்டோமே, அந்த ஆரஞ்சு நிற டிரெஸ்சிங் ஜப்பான் வீடுகளில் தினமும் செய்வது அல்ல. அங்கே சோயா, அரிசி வினிகர், எண்ணெய், துருவிய வெங்காயம் என்று எளிமையாகக் கலந்துகொள்வார்கள். கேரட்டும் இஞ்சியும் அரைத்த இந்த வகை, அமெரிக்காவில் இருக்கும் ஜப்பானிய உணவகங்களால் பேர் வாங்கியது. நியூயார்க்கில் 1964இல் தொடங்கிய பெனிஹானா போல, கண் முன்னால் சூடான இரும்புத் தகட்டில் சமைத்துத் தரும் இடங்களில், சாப்பாட்டுக்கு முன்னால் வரும் சாலட்டின் மேல் இதைத்தான் ஊற்றுவார்கள்.

உன் மாதிரி சுத்த சைவக்காரர்கள் இதை வீட்டிலேயே செய்துகொள்வதுதான் நல்லது என்பேன். அன்று நாம் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் சாப்பிட்டோம். ஆனால் புட்டியில் விற்கும் ஜப்பானிய டிரெஸ்சிங்குகள் பலவற்றில் மீன் சாறு சேர்ந்திருக்கும். சூரை மீனை அவித்துப் புகையூட்டிக் காயவைத்து, மெல்லிசாகச் சீவி, அதிலிருந்து சாறு எடுப்பார்கள். நம் பக்கத்து மாசிக்கருவாடு மாதிரிதான் அந்த மீன். சில சோயா சாஸ்களிலும் அது கலந்திருக்கும். புட்டியின் முன்பக்கம் காய்கறிப் படம் இருக்கிறது என்று நம்பிவிடாதே, பின்பக்கம் திருப்பி எழுத்தைப் படி.

இப்போது இஞ்சிக்கு வருகிறேன், முக்கியமான சமாச்சாரம் இதுதான். நம் சமையலில் இஞ்சி எப்போதும் பின்னால் நிற்கும். தாளிப்பில் வதங்கும், குழம்பில் கரையும், இல்லாவிட்டால் வயிற்று மந்தத்துக்கு மருந்தாகத் தேனோடு வரும். இந்த டிரெஸ்சிங்கில் அது பச்சையாக, சாறும் மணமுமாக முன்னால் வந்து நிற்கிறது. மற்றதெல்லாம் அந்தக் காரத்தைத் தாங்கிப் பிடிக்கத்தான். பச்சை இஞ்சியின் காரம் ஜிஞ்சரால் என்கிற பொருளிலிருந்து வருகிறது. வதக்கினால் அது சாந்தமாகிவிடும், காயவைத்தால் வேறொன்றாக மாறி முன்னைவிட உறைக்கும். சுக்கு தொண்டையில் இறங்கும்போது அப்படி எரிவது அதனால்தான். ஆகவே சுக்குப் பொடியோ, கடையில் புட்டியில் வரும் இஞ்சி விழுதோ போட்டால் இது வேறு பண்டமாகிவிடும். புது இஞ்சிதான் வேண்டும்.

தேக்கா சந்தையில் நான் வாங்குவது தோல் மெலிதாக, ஸ்பூனால் சுரண்டினாலே வந்துவிடுகிற இஞ்சி. மலேசியாவின் பகாங் மாநிலத்திலிருந்து வரும் பெந்தோங் இஞ்சியும் கிடைக்கும், மணம் அபாரம், ஆனால் உறைப்பு அதிகம், பாதி அளவு போதும். திருச்சியில் உனக்குப் பொங்கல் சமயத்தில் காந்தி மார்க்கெட்டில் இலையோடு வருமே, அந்தப் புது இஞ்சி கிடைத்தால் விடாதே. முற்றின இஞ்சி என்றால் நாரின் குறுக்காக மெல்லிய வில்லைகளாக நறுக்கிய பிறகே மிக்சியில் போடு. முழுசாகப் போட்டால் நார் நூல் நூலாக நின்று வாயில் தட்டும். ஜப்பானியர்கள் இதற்கென்றே சின்னச் சின்னப் பல் வைத்த துருவி வைத்திருக்கிறார்கள், அதில் தேய்த்தால் நார் ஒரு பக்கம் தங்கிவிடும், கூழும் சாறும் தனியாக வந்துவிடும். டைசோ கடையில் ஒன்று வாங்கினேன், இன்றைக்கும் நன்றாகத் தேய்க்கிறது. மீதி இஞ்சியைத் தோலோடு ஃப்ரீசரில் போட்டு வை. உறைந்த இஞ்சி துருவ இன்னும் சுலபம், இந்த ஊர் ஈரக்காற்றில் பூஞ்சை பிடிப்பதும் இல்லை.

அளவு சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள். தோல் சீவிய இஞ்சி 30 கிராம், நடுத்தரமான கேரட் ஒன்று, பெரிய வெங்காயத்தில் பாதிக்கும் குறைவாக, சுமார் 50 கிராம். வெங்காயத்தை நறுக்கிப் பத்து நிமிடம் குளிர்ந்த நீரில் போட்டு வடித்துவிடு, பச்சை வெங்காய நெடி பாதி போய்விடும். மூன்றையும் மிக்சியில் போட்டு, அரிசி வினிகர் 4 மேசைக்கரண்டி, சோயா சாஸ் 2 மேசைக்கரண்டி, சர்க்கரை 2 தேக்கரண்டி சேர்த்து அரை. அப்புறம் மணமில்லாத எண்ணெய் 5 மேசைக்கரண்டி, சூரியகாந்தியோ தவிட்டெண்ணெயோ எதுவானாலும் சரி. அதை ஒரேயடியாகக் கொட்டாமல், மிக்சி ஓடும்போதே கொஞ்சம் கொஞ்சமாக விடு. கேரட்டும் வெங்காயமும் அரைந்த கூழ் எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும், உடனே பிரிந்து மேலே மிதக்காது. ஆலிவ் எண்ணெய் வேண்டாம். அதன் வாசம் இஞ்சியோடு சண்டை போடும், ஃப்ரிட்ஜில் கட்டியும் தட்டும்.

கடைசியாக எள் எண்ணெய் ஒரே ஒரு தேக்கரண்டி. இங்கேதான் கவனம் வேண்டும். உன் வீட்டு நல்லெண்ணெய் எள்ளை வறுக்காமல் ஆட்டியது. ஜப்பானியரும் சீனரும் மணத்துக்குச் சேர்ப்பது, எள்ளை நன்றாக வறுத்து எடுத்த கறுத்த எண்ணெய். இரண்டின் மணமும் வேறு வேறு. கறுத்த எண்ணெய் அங்கே கிடைக்காவிட்டால், ஒரு தேக்கரண்டி வெள்ளை எள்ளைப் பொன்னிறமாக வறுத்து இஞ்சியோடு சேர்த்து அரைத்துவிடு. எனக்கு அதுதான் இன்னும் பிடித்திருக்கிறது.

வினிகரும் அப்படித்தான். அரிசி வினிகர் மெல்லிய புளிப்பு, லேசான இனிப்பு. உங்கள் பக்கம் மளிகைக் கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகர் மூக்கில் ஏறும். 3 கரண்டி வினிகருக்கு 1 கரண்டி தண்ணீர் கலந்து, சர்க்கரையை ஒரு சிட்டிகை கூட்டிக்கொள். சுஷி வினிகர் என்று எழுதியதை வாங்காதே, அதில் உப்பும் சர்க்கரையும் ஏற்கெனவே கலந்திருக்கும். சோயா சாஸில், இங்கே மீ கோரெங் என்கிற வறுத்த நூடுல்ஸில் போடும் கெட்டியான இனிப்புச் சோயா ஆகாது. இயற்கையாகப் புளிக்க வைத்தது என்று எழுதியிருக்கும் ஜப்பானிய வகைதான் சரி. அதில் சோயா அவரையோடு கோதுமையும் இருக்கும். உன் மருமகளுக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாது என்றாயே, அவளுக்குக் கோதுமை இல்லாத தமாரி வகையைத் தேடிப் பார், அதிலும் லேபிளைப் படித்துவிட்டு வாங்கு.

உப்புத் தனியாகப் போட வேண்டியதே இல்லை. ஒரு மேசைக்கரண்டி சோயாவிலேயே சுமார் 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. இந்த அளவுக்கு மொத்தம் 20 மேசைக்கரண்டி டிரெஸ்சிங் வரும், ஆகவே ஒரு கரண்டிக்கு 90 மில்லிகிராம்தான். அவருக்கு இரண்டு கரண்டிக்கு மேல் நான் ஊற்றுவதில்லை. குறைந்த உப்புச் சோயா வாங்கினால் இன்னும் இறங்கும்.

செய்ததும் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வை, வெங்காயம் அடங்கி இஞ்சி மேலே வரும். கண்ணாடிப் புட்டியில் மூடி வைத்தால் நாலைந்து நாள் நன்றாக இருக்கும். அதற்கு மேல் நான் வைப்பதில்லை, இஞ்சியின் மணம் போய் வினிகர்தான் மிஞ்சும். எடுக்கும்போது குலுக்கிவிட்டு எடு. லெட்டூஸ், வெள்ளரிக்காய், தக்காளி எல்லாவற்றுக்கும் பொருந்தும், ஆனால் கழுவிய இலையை ஈரம் போகத் துடைத்துவிடு. ஈரம் இருந்தால் டிரெஸ்சிங் இலையில் ஒட்டாமல் தட்டில் வழிந்துவிடும். குளிர்ந்த பட்டு டோஃபு, அதாவது மெத்தென்ற சோயாப் பால் கட்டி, அதன் மேல் ஊற்றினால் இன்னும் ருசி. டோஃபு, துருவிய இஞ்சி, சோயா என்று ஜப்பானியர்கள் கோடையில் சாப்பிடுவார்கள். மத்தியான வெயிலில் வேலை முடித்து வந்து அதைச் சாப்பிடும்போது எனக்குச் சோறே தேவைப்படுவதில்லை.

சித்திரையில் தங்கை வீட்டுக் கிருகப்பிரவேசத்துக்குத் திருச்சி வருகிறோம். சோயா ஒரு புட்டியும், கறுத்த எள் எண்ணெயும், அந்தத் துருவியும் உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன். அரிசி வினிகரும் வேண்டுமா என்று எழுது. பெட்டியில் எடை கணக்குப் பார்க்க வேண்டும். மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
வசந்தா