கொலுக் குழுச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகிகளே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பேரவையில் முடிவு செய்தபடி 2025 நவராத்திரிக்கு நம் பொதுக் கொலுவில் படிகளுக்கு எதிரே கும்பகோணம் மகாமகக் குளத்தை அமைத்தோம். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஆகவே குளத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதல் கூட்டத்திலேயே எழுந்த கேள்வி அளவு. பொம்மை 3 அங்குலம் என்றால், ஐந்தரை அடி ஆளை 22-இல் ஒரு பங்காகச் சுருக்கியிருக்கிறோம் என்று பொருள். குளக்கரை மண்டபம் 12 அடி என்று வைத்துக்கொண்டால் அது ஆறரை அங்குலம் இருக்க வேண்டும். அதே கணக்கில் ஆறு ஏக்கருக்கு மேற்பட்ட குளத்தைச் சுருக்கினாலும் ஒரு பக்கம் 20 அடியைத் தாண்டிவிடும். நம் கூடத்தில் வேறெதற்கும் இடம் இருக்காது. தூரத்தைக் குறைத்துக்கொள்ளலாம், ஆளுக்கும் வாசலுக்கும் உள்ள பொருத்தத்தை மட்டும் குலைக்கக் கூடாது என்று தீர்மானித்தோம். முன்கரையில் 3 அங்குலப் பொம்மைகள், பக்கக் கரைகளில் அதில் பாதி, பின்கரையில் 1 அங்குலம். மண்டபங்களும் அதே வரிசையில் சிறுத்துக்கொண்டே போயின. பதினாறு மண்டபங்களும் இடம்பெற்றன. வாசற்படியில் நின்று பார்த்தவர்களுக்குக் குளம் நீண்டு கிடந்தது.

பிள்ளைகள் கொண்டுவந்த சின்ன இரும்புக் கார்களுக்கும் இதனால் வழி பிறந்தது. முன்கரையில் வைத்தால் பொம்மையின் உயரமும் காரின் நீளமும் ஒன்றாக இருந்தன. பின்கரைச் சாலையில் 1 அங்குல ஆட்களுக்குப் பக்கத்தில் அவை கச்சிதமாகப் பொருந்தின.

தகரத் தட்டில் நிஜத் தண்ணீர் ஊற்றலாம் என்ற யோசனையை ஏற்கவில்லை. அடி நனைந்தால் மண் பொம்மை ஊறி வண்ணம் உரியும். பச்சையும் நீலமும் கலந்து தீட்டிய பலகைமேல் கண்ணாடி போட்டோம். இடுப்பளவு நீரில் நிற்பவர்களுக்கு மேல்பாதி மட்டும் காகிதக்கூழில் செய்து ஒட்டினோம். 2016 பிப்ரவரி 22 மகாமகத்தன்று குளத்தில் இறங்கியவர்கள் பலர் நம்மிடையே இருப்பது பெரிய பலம். ஈரப் புடவையைப் பிழியும் பெண், தோளில் பேரனைச் சுமந்த தாத்தா, வாளியில் நீர் மொண்டு ஊற்றுபவர் என்று ஒவ்வொரு பொம்மையும் அவர்கள் சொல்லச் சொல்ல உருவானது.

உறுப்பினர் ஒருவர் தம் வீட்டுக் கருட சேவை செட்டைக் கரையில் வைக்க ஆசையோடு கொண்டுவந்தார். பெருமாள் கோயில்களுக்குத் தீர்த்தவாரி, அதாவது சுவாமி நீராடல், காவிரிச் சக்கரப் படித்துறையில்தான் என்று பெரியவர்கள் எடுத்துச் சொன்னார்கள். கருட சேவை கொலுப் படியிலேயே அழகாக அமர்ந்தது. கரையில் சிவன் கோயில்களின் ரிஷப வாகனங்கள் மட்டும் நின்றன. எதை வைப்பது என்பதைவிட எதை வைக்காமல் விடுவது என்பதில்தான் நம் குழு இந்த ஆண்டு தேறியிருக்கிறது என்பது என் கருத்து.

மகாளய அமாவாசையன்று பிள்ளைகள் கேழ்வரகு விதைத்த தட்டு, நவராத்திரி நடுவில் நல்ல நாற்றங்காலாக எழுந்து நின்றது. அடுத்த முறை இரண்டு தட்டு போட வேண்டும்.

பழைய பொம்மைகளில் உடைந்த விரல்களைக் காகிதக்கூழும் புளியங்கொட்டைப் பசையும் கொண்டு சரிசெய்தோம். ஒரு வேண்டுகோள்: ஈரத்துணியால் துடைக்காதீர்கள், மெல்லிய தூரிகை போதும். செய்தித்தாளை நேரடியாகச் சுற்றினால் மை ஒட்டுகிறது. முதலில் பழைய வேட்டித் துணி, அதற்குமேல் தாள்.

வரும் ஆண்டுக்குப் பாம்பன் பாலம் வேண்டும் என்று இளைஞர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். 1914-இல் திறந்த பழைய பாலம் கப்பலுக்கு வழிவிட நடுவில் இரண்டாகப் பிரிந்து எழுந்துவந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தின் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக உயரும். இரண்டையும் கயிறும் கப்பியும் வைத்து இயக்கிக் காட்டலாம். எனக்கு முழுச் சம்மதம். பேரவை முடிவு செய்யட்டும்.

மண்டபங்கள் அடங்கிய பெட்டிகளைத் தம் வீட்டுப் பரணில் வைத்துக் காக்கும் உறுப்பினர்களுக்கு நன்றி. 2028 மகாமகத்துக்கு அவை மீண்டும் தேவைப்படும். மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை பிரித்து, வசம்பு மாற்றிக் கட்டிவையுங்கள்.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்