அந்தப் படத்தைப் போடட்டும்

ஆசிரியருக்கு,

எங்கள் பக்கத்துச் சனசமூக நிலையத்துப் பெடியள் ‘ட்ரெயின்ஸ்பொட்டிங்’ என்ற பிரித்தானியப் படத்தைத் திரையிட யோசிப்பதைக் கண்டித்து ஒரு வாசகர் எழுதிய கடிதம் உங்கள் பத்திரிகையில் வந்திருந்தது. போதையைச் சிரிப்பாக்கும் படம் வன்னிக்குத் தேவையில்லை என்பது அவர் கட்சி. கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். படத்தில் என்ன நடக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. 1996இல் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் நின்ற பொப் டோலும் இதே படத்தைப் பார்க்காமலேயே திட்டியவர்தான். நமது வாசகருக்குத் துணை பெரிய இடத்தில் இருக்கிறது.

நான் விசுவமடுவில் சீடிக் கடை வைத்திருந்தவன். சீடிக்கு மவுசு போனபின் அதே கடையில் ஃபோட்டோகொப்பியும் ரீலோடும் செய்து பிழைக்கிறேன். இந்தப் படம் வந்த வருடம் கிளிநொச்சிச் சனம் அக்கராயன், ஸ்கந்தபுரம் என்று சட்டி பானையோடு ஓடிக்கொண்டிருந்தது. ஸ்கொட்லாந்துப் பெடியள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க யாருக்கு நேரம்? நான் பார்த்தது மிகப் பிந்தித்தான்.

பார்க்காதவர்களுக்குக் கதையைச் சொல்லிவிடுகிறேன். எடின்பரோவில் ரென்டன், ஸ்பட், சிக் போய் என்று ஹெரோயினில் விழுந்த கூட்டாளிகள். கூடவே பெக்பி, அவன் தூளைத் தொடமாட்டான், ஆனால் பியர்க் குவளையால் ஆட்களின் மண்டையை உடைப்பான். ஐந்தாவது ஆள் டொமி. இவன்தான் நல்ல பிள்ளை. உடம்பைப் பேணுகிறவன், ஒரு காதலி இருக்கிறாள், கூட்டாளிகளை ரயிலில் ஏற்றிக்கொண்டு மலை ஏறக் கூட்டிப்போகிறவன். மற்றவர்கள் மலையைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்புகிறார்கள். டொமியின் அந்தரங்க வீடியோ நாடாவை ரென்டன் களவாக எடுத்துப்போக, நாடாவைக் காணவில்லையென்று காதலி சண்டை பிடித்துப் பிரிகிறாள். மனமுடைந்த டொமி தூள் கேட்டு ரென்டனிடமே வருகிறான். ரென்டன் கொடுக்கிறான். படத்தில் கடைசியில் செத்துப்போகிறவன் இந்த டொமிதான், எச்.ஐ.வி. பிடித்து, ஒரு பூனைக்குட்டியால் வந்த தொற்றில்.

சிரிப்பு இருக்கிறது, மறுக்கவில்லை. கழிப்பறைக்குள் விழுந்த அபின் குளிசையைத் தேடி ரென்டன் தலைகீழாக உள்ளே இறங்கும் காட்சியில் நான் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுச் சிரித்தேன். ஆனால் அதே படத்தில் ஒரு கைக்குழந்தை தொட்டிலில் செத்துக் கிடக்கிறது, பெரியவர்கள் மயக்கத்தில் கிடந்ததால். அதைப் பார்த்த கையோடு அவர்கள் செய்வது என்ன தெரியுமா? அடுத்த ஊசிக்கு ஆயத்தம். அந்த இடத்தில் எவனும் சிரிக்கமாட்டான்.

சரி, நம்முடைய ஊருக்கு வருவோம். எங்கள் வீதியில் மூன்று பெடியள். ஒரே வகுப்பு, மூவருக்கும் ஒரே மோட்டர் சைக்கிள், என் கடை வாசலில்தான் பின்னேரம் கழியும். போன கச்சான் போகத்தில் அவர்களில் ஒருவனின் தகப்பனுடைய வாட்டர் பம் தோட்டக் கிணற்றடியில் களவு போனது. அன்றிரவு ஊரே தேடியது. டோர்ச் பிடித்துக்கொண்டு முன்னுக்குப் போனவன் அவர்களில் இரண்டாமவன். வாய்க்காலுக்குள் இறங்கினான், வடலிக்குள் புகுந்தான், கால் முழுக்கக் கீறல். நடுச்சாமத்தில் அந்த வீட்டுத் தாய் போட்ட புட்டைச் சாப்பிட்டுவிட்டு, “மாமி, விடிய ஒருக்கா சாத்திரம் கேட்டுப் பாருங்கோ” என்று யோசனையும் சொன்னான். சாத்திரியார் தெற்குத் திசை என்றார். பம் மேற்கே, பரந்தன் பக்கத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடந்தது. போதைக்குக் காசு தேடிக் கொண்டுபோய் விற்றவன் டோர்ச் பிடித்தவனேதான்.

ஊர் ஒரு மாதம் சிரித்தது. தகப்பனே சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கச்சான் கருகியபோது அவர் சிரிக்கவில்லை. அந்த மோட்டர் சைக்கிளில் இப்போது ஒருவன் மட்டும்தான் வருகிறான். மூன்றாமவன் கடைக்கு வந்தால் உள்ளே யார் நிற்கிறார்கள் என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் படியேறுகிறான்.

இதைத்தான் அந்தப் படம் காட்டுகிறது. லண்டனில் தூள் விற்ற 16,000 பவுண்சை, கூட்டாளிகள் நித்திரையில் கிடக்க, ரென்டன் பெக்பியின் கைக்குள்ளிருந்து உருவிக்கொண்டு போகிறான். ஸ்பட் கண் விழித்துப் பார்க்கிறான், சத்தம் போடவில்லை. நம்முடைய பள்ளிக்கூடங்களில் போடும் விழிப்புணர்வு நாடகத்திலோ கறுப்புச் சட்டை போட்ட யாரோ ஒருவன் வந்து பொட்டலம் நீட்டுவான், பிறகு மண்டையோடு வரும். மண்டையோட்டைக் காட்டிப் பயமுறுத்தக்கூடிய பிள்ளைகளா முள்ளிவாய்க்காலுக்குள்ளால் வந்த வீடுகளில் வளர்கிறார்கள்? பொட்டலம் நீட்டுகிறவன் பக்கத்து வாங்கில் இருந்தவன் என்பதை எந்த நாடகமும் சொல்வதில்லை. இதில் சுகம் இருக்கிறது என்பதையும் சொல்வதில்லை. படம் அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறது. அதனால்தான் பிறகு அது சொல்லும் மற்றதை ஒரு பெடியன் நம்புவான்.

கண்டிப்பு போதும் என்கிறார் வாசகர். கண்டிப்புக்கு இங்கே குறைவில்லை. 2 கிராம் ஹெரோயினுக்கே மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கலாம் என்று சட்டம் இருக்கிறது. 2022இல் ஐஸ் போதைப்பொருளையும் அந்தப் பட்டியலில் சேர்த்தார்கள். 2023 டிசம்பரில் ‘யுக்திய’ என்ற பொலிஸ் நடவடிக்கையில் நாடு முழுக்க ஆட்களை அள்ளினார்கள். எடின்பரோவிலும் 1980களில் கண்டிப்புத்தான்: ஊசி கிடைக்காதபடி பொலிஸ் இறுக்கியது, பெடியள் ஒரே ஊசியைப் பலர் பாவித்தார்கள், அங்கே ஒரு வைத்தியர் சோதித்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு எச்.ஐ.வி. டொமியின் சாவு அந்த வரலாற்றிலிருந்து வந்தது. இங்கே ஊசி குறைவு, புகையாக இழுப்பதே கூடுதல். ஆனால் ஒளிப்பு ஒன்றுதான். புனர்வாழ்வு முகாம் என்றால் எங்கள் தாய்மாருக்கு 2009க்குப் பிந்திய முகாம்கள் ஞாபகம் வரும். மகனை வைத்தியரிடம்கூடக் காட்டாமல் அறைக்குள் பூட்டி வைக்கிறார்கள். ரென்டனின் தாய் தகப்பனும் அதைத்தான் செய்தார்கள். அந்த அறைக்குள் அவன் என்னென்ன கண்டான் என்பதைப் பெற்றோரும் வந்து பார்க்கட்டும்.

வாசகர் சொல்வதில் ஒன்று சரி. சின்னப் பிள்ளைகளுக்கு இது காட்டக்கூடாது. பிரித்தானியாவிலேயே 18 வயதுக்கு மேற்பட்டோருக்கான படம். சனசமூக நிலையம் வாசலில் அடையாள அட்டை பார்த்துத்தான் விடவேண்டும். பேச்சும் லேசில் விளங்காது. அமெரிக்காவுக்கே சில வசனங்களைத் திரும்பப் பேசித்தான் அனுப்பினார்கள். தமிழில் எழுத்துப் போடும் வேலையை நான் தொடங்கிவிட்டேன். தூஷணங்களுக்கு மட்டும் கொஞ்சம் தடுமாற்றம், ஆனால் அதற்கு எங்கள் ஊரில் சொற்பஞ்சம் இல்லை. படம் முடிந்ததும் தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற தொலைபேசி இலக்கத்தைத் திரையில் விட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன். தோட்டக்காரரும் வரக்கூடியதாக ஞாயிறு பின்னேரம் போட்டால் நல்லது. புரொஜெக்டர் என்னுடையது, வாடகை வேண்டாம்.

இப்படிக்கு,
முன்னாள் சீடிக் கடைக்காரன்,
விசுவமடு.