செஞ்சி மலையிலிருந்து மாமாவுக்கு

அன்புள்ள மாமா,

இங்கே எல்லோரும் நலம். அங்கே நீங்களும் அத்தையும் எப்படி இருக்கிறீர்கள்? முட்டிக்கு எண்ணெய் தேய்ப்பதை விட்டுவிடவில்லையே?

போன ஞாயிற்றுக்கிழமை செஞ்சிக்கோட்டைக்குப் போய்விட்டு வந்தோம். போனில் சொல்லத் தொடங்கினேன், நீங்கள் பேரன் மதிப்பெண்ணுக்குப் பேச்சை மாற்றிவிட்டீர்கள். அதனால் கடிதமாகவே எழுதுகிறேன். பொதுவில் எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. புதுச்சேரி முத்தியால்பேட்டை வீட்டுத் திண்ணையில் உங்களிடம் செஞ்சியை ஆண்ட தேசிங்குராஜன் கதை கேட்டு வளர்ந்தவள் நான் ஒருத்தி மட்டும் இல்லையே. மற்றவர்களும் படிக்கட்டும்.

கரண்ட் போன இரவுகளில் நீங்கள் பனைவிசிறியின் காம்பால் திண்ணையைத் தட்டுவீர்கள். முதலில் மெதுவாக, அப்புறம் வேகமாக. அதுதான் தேசிங்கின் பாராசாரிக் குதிரை வரும் சத்தம். மகமத்கான் கல்யாணத்தைப் பாதியில் விட்டுவிட்டு நண்பன் தேசிங்குக்காகப் போருக்கு ஓடிவரும் இடத்தில் அத்தை ஒவ்வொரு முறையும் அழுவார்கள். கதை முடிந்ததும் நீங்கள் சொல்வது ஒன்றுதான். "ஒருநாள் உங்களையெல்லாம் அந்த மலைக்குக் கூட்டிப் போறேன்." மில் ஷிப்ட், வீட்டுக் கடன், அப்புறம் முட்டி. அந்த ஒருநாள் வரவே இல்லை.

கடலூரிலிருந்து விழுப்புரம் போய், அங்கிருந்து செஞ்சி பஸ். கோட்டையை ஒரே மலை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள், மூன்றையும் சேர்த்து வளைத்துக்கொண்டு பதின்மூன்று கிலோமீட்டர் நீளத்துக்கு மதில். திருவண்ணாமலை ரோடு கோட்டைக்கு நடுவிலேயே போகிறது. மலை என்றால் மண்ணும் மரமுமாக இருக்கும் என்று பார்த்தால், வீடு வீடாகப் பாறைகளை யாரோ மேலே மேலே அடுக்கி வைத்த மாதிரி இருக்கிறது. ஒரு பாறை முடிந்து மதில் எங்கே தொடங்குகிறது என்று சில இடங்களில் கண்ணுக்குத் தெரிவதே இல்லை.

ராஜகிரி எண்ணூறு அடி உயரம். காலை எட்டு மணிக்கு ஏறத் தொடங்கினோம். படிகள் தேய்ந்து வழுவழுவென்று இருக்கின்றன. பாதி வழியில் கமலக்கண்ணி அம்மன் கோயில். அங்கே உட்கார்ந்து வெள்ளரிப்பிஞ்சு தின்றோம், ஒரு குரங்கு வந்து என் மகன் கையிலிருந்த பொட்டலத்தை அப்படியே வாங்கிக்கொண்டு போனது. அதற்கு மேல்தான் ஏற்றம் கடினம்.

உச்சிக்குச் சற்று முன்னால் ஒரு இடம் இருக்கிறது மாமா. அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். மலை அங்கே இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. இருபத்துநான்கு அடி அகலம், அறுபது அடி ஆழம். அதன்மேல் ஒரு சின்னப் பாலம். அந்தக் காலத்தில் பாலத்தை எடுத்துவிட்டால் போதும், மேலே இருப்பவர்களைத் தொட யாராலும் முடியாது. பாலத்தின் நடுவில் நின்று கீழே பார்த்தேன். பிளவின் இருட்டிலிருந்து குளிர்ந்த காற்று மேலே வந்து புடவை முந்தானையைத் தூக்கியது. சுற்றிலும் அப்படி வெயில், அந்த நான்கடியில் மட்டும் மார்கழி.

அங்கே நின்றபோதுதான் தேசிங்கை நினைத்து மனசு பொங்கியது. அவன் இறந்தது 1714 அக்டோபரில். வயது 22. ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகான் படையோடு வரும்போது இந்த மலையும் இந்தப் பிளவும் அவன் கையில் இருந்தன. அதற்கு முன்னால் மராட்டிய மன்னர் ராஜாராம், சிவாஜியின் மகன், இதே மலையை நம்பித்தான் 1690 முதல் 1698 வரை முகலாயப் படையைத் தடுத்து நிறுத்தினார். ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர்கான் எட்டு வருஷம் கீழேயே காத்துக்கிடந்தார், கோட்டை விழுந்தபோது ராஜாராம் தப்பிப் போயிருந்தார். அப்படிப்பட்ட இடத்தை விட்டுவிட்டுக் கொஞ்சம் குதிரைவீரர்களோடு இந்தப் பிள்ளை ஏன் சமவெளிக்கு இறங்கினான்? மேலேயே இருந்திருக்கலாமே என்று எனக்கு நிஜமாகவே ஆத்திரம் வந்தது. வீரம் என்று நீங்கள் சொல்வீர்கள். ஒரு மகனை வளர்க்கும் எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

உச்சியில் ரங்கநாதர் கோயில், மணிக்கூண்டு, ஒரு பெரிய பீரங்கி. அங்கிருந்து பார்த்தால் ஏரிகளும் வயல்களுமாகச் சமவெளி விரிந்து கிடக்கிறது. அதற்கிடையில் எங்கேயோ சங்கராபரணி ஓடுகிறது. வெள்ளத்தில் தேசிங்கு குதிரையை இறக்கினான் என்று நீங்கள் கதை சொன்ன ஆறு. மாசி மகத்துக்கு எங்களைத் திருக்காஞ்சியில் முழுக்காட்டினீர்களே, அதே ஆறுதான். செஞ்சி மலையிலிருந்து கிளம்பி உங்கள் ஊருக்குத்தான் கடலுக்கு வருகிறது.

ஆறு மட்டும் இல்லை. நம் இரண்டு ஊர்களின் தலையெழுத்தும் இந்த மலையில்தான் எழுதப்பட்டிருக்கிறது. எங்கள் கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயர் 1690-ல் விலைக்கு வாங்கியது இங்கே இருந்த ராஜாராமிடம். பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை நிலம் அவர்களுக்கு என்று பேச்சு. நாலா பக்கமும் சுட்டார்கள், குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்த ஊர்களெல்லாம் குண்டு கிராமங்கள் ஆகிவிட்டன. அந்த ஊர்களில் அன்று அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தவளை யார் கேட்டார்கள்? 1693-ல் டச்சுக்காரர்கள் புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்தபோதும், அந்த ஊரை வைத்துக்கொள்ளும் உரிமையை இதே செஞ்சி தர்பாரில்தான் வாங்கினார்கள். அப்புறம் 1750-ல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி வந்தார். சுல்பிகர்கானுக்கு எட்டு வருஷம் பிடித்த கோட்டை அவருக்கு ஒரே ராத்திரியில் விழுந்தது. 1761-ல் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழும்வரை செஞ்சி பிரெஞ்சுக்காரர்களிடம்தான் இருந்தது.

போன வருஷமா அதற்கு முன்னாலா என்று நீங்கள் கேட்ட யுனெஸ்கோ செய்தி 2025 ஜூலையில் வந்தது. உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டைச் சேர்த்தார்கள். பதினொன்று மகாராஷ்டிரத்தில், தமிழ்நாட்டில் இது ஒன்றுதான்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மலை ஏறினால்தான் செஞ்சி என்று யாரோ உங்களிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். அது சரியில்லை. ஏறாமலே பார்க்க ஒரு நாள் போதாது. அடிவாரத்திலேயே கல்யாண மகால் மாடிமேல் மாடியாகக் கோபுரம் மாதிரி நிற்கிறது. தூரத்துக் குளத்துத் தண்ணீரைச் சுட்டமண் குழாய் வழியாக மேல்மாடி வரை கொண்டுபோயிருக்கிறார்கள். பக்கத்தில் ஆனைக்குளம். வளைவு வளைவாகக் கூரை போட்ட நெற்களஞ்சியத்துக்குள் என் மகன் உங்கள் பெயரைக் கூப்பிட்டான், அது சுற்றி வந்து எங்களுக்கே கேட்டது. எல்லாம் சமதரை. மெதுவாக நடக்கலாம், நடந்த இடத்திலெல்லாம் உட்கார நிழல் இருக்கிறது.

கொஞ்சம் தள்ளி வேங்கடரமணர் கோயில். பெரிய கோயில், ஆனால் உள்ளே நடக்கும்போது எங்கேயோ பல் விழுந்த வாய் மாதிரி ஒரு வெறுமை. தூண்களைப் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்கு எடுத்துப் போய்விட்டார்கள். எங்கே போயின என்று உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். பீச்சில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கிறதே எட்டுக் கல்தூண்கள், அவை செஞ்சியிலிருந்து போனவை. முப்பது வருஷமாகச் சாயங்காலம் நடந்து முடித்து நீங்கள் முதுகைச் சாய்த்து உட்காரும் தூண் எது என்று எனக்குத் தெரியும். செஞ்சிக்குப் போகவில்லை என்று இத்தனை நாள் வருத்தப்பட்டீர்கள். அது உங்கள் முதுகுக்குப் பின்னாலேயே நின்றிருக்கிறது.

வருகிற இரண்டாம் சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் காரோடு வாசலில் இருப்பேன். அத்தையிடம் புளிசாதம் மட்டும் கட்டச் சொல்லுங்கள், மோர் நான் கொண்டு வருகிறேன். விசிறியை மறந்துவிடாதீர்கள், கல்யாண மகால் படியில் உட்கார்ந்து பேரனுக்குக் குதிரை ஓட்டிக் காட்ட வேண்டும். அதற்கு முன்னால் ஒரு வேலை. இன்றைக்குப் பீச்சுக்குப் போகும்போது உங்கள் தூணைக் கையால் தடவி, என்னென்ன செதுக்கியிருக்கிறது என்று நன்றாகப் பார்த்து வையுங்கள். கோயிலில் அதன் ஜோடியைத் தேட வேண்டும்.

அன்புடன்,
உங்கள் மருமகள்,
திருப்பாதிரிப்புலியூரிலிருந்து