நாலரைக் கட்டைக் குரல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். முந்தாநாள் ராத்திரி நீ போனில் அழுததை அம்மாவிடம் சொல்லவில்லை. உன் பாட்டு ஆல்பம் நன்றாகப் போகிறது என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். போனில் உனக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "சாப்டியாம்மா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அதிலிருந்து மனசு கேட்கவில்லை, அதனால் கடையிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஊரில் எல்லோரும் நலம். மேட்டூர்த் தண்ணீர் நம் வாய்க்காலுக்கு வந்துவிட்டது. பெரியப்பா வயலில் குறுவை நடவு பாதி முடிந்தது. அப்பாயிக்கு மட்டும் முழங்கால் வலி. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நாலு வருஷம் தினம் ராத்திரி சீரியலில் என்னை வீட்டுக்குள் உட்கார வைத்துப் பார்த்தவர்கள், ஆறே ஆறு பாட்டைக் கேட்க மாட்டேன் என்கிறார்களே, ஏன்ப்பா என்று கேட்டாய். குரல் ஒட்டவில்லை, நடிப்போடு நின்றிருக்கலாம் என்று சொல்கிறார்கள் என்றாய். உன் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஆல்பம் வந்த மறுநாளே உன்னிடம் சொல்லாமல் ஒரு காரியம் செய்தேன். 1987-இல் நான் ரெக்கார்டிங் சென்டர் போட்டபோது புதுக் கேசட் எது வந்தாலும் முதலில் வாசல் ஸ்பீக்கரில் போடுவேன். போட்டுவிட்டுத் தெருவைப் பார்ப்பேன். சைக்கிளில் போகிறவர் வேகத்தைக் குறைத்தால் ஓரளவு விற்கும். ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றுவிட்டார் என்றால், அன்றைக்கே எழும்பூர் போகிறவரிடம் சொல்லி இன்னும் இருபது கேசட் வாங்கி வரச் சொல்வேன். நான் கணக்குப் போட்டது அந்தக் காலை வைத்துத்தான். இப்போது இது ரீசார்ஜ் கடை, இருந்தாலும் அந்த இரண்டு ஸ்பீக்கரும் இன்னும் வாசலில்தான் இருக்கின்றன. உன் ஆறு பாட்டையும் அஞ்சு நாள் மாற்றி மாற்றி அதில் போட்டேன். யார் பாடியது என்று ஒருத்தரிடமும் சொல்லவில்லை.

முதல் பாட்டுக்கு யாரும் திரும்பவில்லை. இரண்டாவதற்கு எதிர் ஜூஸ் கடைப் பையன் டம்ளரில் தாளம் போட்டான். மூன்றாவதற்கும் ஒன்றுமில்லை. நாலாவது, கிடாரும் நீயும் மட்டும் இருக்கிற அந்த மெதுவான பாட்டு ஓடும்போது ஒரு அம்மா ரீசார்ஜுக்கு வந்தார். கொள்ளிடம் பக்கத்திலிருந்து வேனில் நடவுக்கு வந்த கூட்டத்தில் ஒருவர். கணுக்கால்வரை சேறு காய்ந்து வெள்ளை பூத்திருந்தது. ரூபாய் நோட்டை முந்தானை முடிச்சிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தார். நம்பர் ஏறிவிட்டது, மெசேஜும் வந்துவிட்டது, அவர் போகவில்லை. ஸ்பீக்கருக்குக் கீழே நின்றபடி, "இது ஆரு பாடுறது? தொண்ட கட்டுனாப்ல இருக்கு, ஆனா நல்லாருக்கு. இன்னொரு தரம் போடுங்க" என்றார். போட்டேன். பாட்டு முடிகிறவரை நின்றுவிட்டுத்தான் போனார்.

மறுநாளும் வந்தார். அன்றைக்குத்தான் சொன்னேன், இது இன்ன சீரியலில் வருகிற பெண் என்று. என் மகள் என்று சொல்லவில்லை. அவர் நம்பவே இல்லை. "அந்தப் புள்ளையா? அது குரலு கண்ணாடி மாதிரில்ல இருக்கும். எனக்குத் தெரியாதா, தெனம் கேக்குறேன். இது வேற ஆரோ" என்று அடித்துச் சொன்னார். பெற்ற அப்பனிடம், உன் குரல் எனக்குத் தெரியும் என்று சண்டை போட்டார், பாப்பா. அவர் சொன்னதில் தப்பும் இல்லை. அவர் நாலு வருஷமாகக் கேட்டது உன் குரலே இல்லையே.

உனக்கு முதல் சீரியல் கிடைத்தபோது நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. குரல் கட்டையாக இருக்கிறது, நாயகிக்குப் பொருந்தாது என்று சொல்லி டப்பிங் கலைஞரை வைத்துப் பேச வைத்தார்கள். அந்தக் கலைஞர் நன்றாகத்தான் பேசினார், அவர்மேல் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தமிழ்நாட்டுக்கு உன் முகம் இன்னொருத்தர் குரலோடுதான் போய்ச் சேர்ந்தது. அழுததும் சிரித்ததும் மாமியாரை எதிர்த்துப் பேசியதும் அந்தக் குரல். இப்போது திடீரென்று அதே முகத்திலிருந்து வேறொரு குரல் வந்தால் காது ஏற்காது. குரல் ஒட்டவில்லை என்று அவர்கள் சொன்னது உண்மை. உன் பாட்டுக்கு அது ஒட்டாமல் போகவில்லை. அவர்கள் மனசில் இருக்கிற முகத்தோடுதான் ஒட்டவில்லை. முகம் தெரியாமல் கேட்டவர் இன்னொரு தரம் போடச் சொன்னார் என்பதை நீ மறக்கக் கூடாது.

சீரியல் பார்க்கிறவர்கள் அப்படியே ஆல்பத்துக்கு வந்துவிடுவார்கள் என்று உன் தயாரிப்பாளர் கணக்குப் போட்டாரே, அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஆஸ்திரேலியப் பாடகி கைலி மினோக் மாதிரி என்று அவர் சொன்னதாக நீ சொன்னாய். அந்தப் பேர் என் கடைக்கு 1989-லேயே வந்துவிட்டது. சிங்கப்பூரிலிருந்து லீவுக்கு வந்த ஒருவர் ஒரு கேசட்டைக் கொடுத்து நகல் எடுக்கச் சொன்னார். கைலி என்றால் நமக்கு இடுப்பில் கட்டுவதுதானே, அதனாலேயே பேர் பதிந்துவிட்டது. நகல் எடுக்கும்போது இரண்டு பக்கமும் முழுசாகக் கேட்டேன். அதற்கப்புறம் அந்தப் பெண்ணைப் பற்றி எங்கே எது வந்தாலும் விடாமல் படிப்பேன்.

மெல்போர்னில் எடுத்த 'நெய்பர்ஸ்' என்ற தொடரில் 1986-இல் சேர்ந்த பெண். கார் மெக்கானிக் வேஷம். ஒரு கால்பந்துக் கிளப்பின் நிதி நிகழ்ச்சியில் சக நடிகர்களோடு மேடையேறி ஒரு பழைய பாட்டைப் பாடப்போய், அதிலிருந்து ரெக்கார்டு போடும் வாய்ப்பு வந்தது. 1987-இல் அந்தப் பாட்டு ஆஸ்திரேலியாவில் ஏழு வாரம் முதலிடம். அப்புறம் லண்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே பாட்டு எழுதித் தர வேண்டிய மூன்று பேரும் அவர் வருவதையே மறந்துவிட்டார்கள். வெளியே உட்கார வைத்துவிட்டு நாற்பதே நிமிஷத்தில் ஒரு பாட்டு எழுதிக் கொடுத்தார்கள். அது பிரிட்டனில் அஞ்சு வாரம் முதலிடம். 1988 ஜூலையில் முதல் ஆல்பம் வந்தபோது வயசு இருபது. அந்த வருஷம் பிரிட்டனில் எல்லாவற்றையும்விட அதிகம் விற்ற ஆல்பம் அதுதான்.

ஜனங்கள் அப்படி வாங்கினார்கள். ஆனால் விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். பாடும் கிளி என்று பட்டப்பேர் வைத்தார்கள். தொழிற்சாலையில் செய்த பாட்டு, பொம்மைப் பெண் என்றெல்லாம் எழுதினார்கள். அந்த ஆல்பத்தைக் கேட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், அவர்கள் சொன்னதில் பாதி நியாயம்தான். குரல் மெலிசு. பத்துப் பாட்டும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். ஆனால் அதில் ஒரு சுறுசுறுப்பு இருந்தது, அதை அவர்கள் பார்க்கவில்லை. அந்தப் பெண் பாட்டை விடவும் இல்லை. 2004-இல் ஒரு கிராமி வாங்கினார், 2024-இல் இன்னொன்று, அப்போது வயசு ஐம்பத்தைந்து. இடையில் 2005-இல் மார்பகப் புற்றுநோய் வந்து, அதிலிருந்தும் மீண்டு மேடைக்கு வந்தார்.

உன் தயாரிப்பாளர் விட்டுவிட்ட ஒரு விஷயம் இருக்கிறது. அந்தத் தொடரில் அந்தப் பெண் பேசியது சொந்தக் குரலில். பாட்டு வரும் முன்னாலேயே அந்தத் தொடர் பிரிட்டனில் ஓடிக்கொண்டிருந்தது; பின்னால் அதில் அவருக்குக் கல்யாணம் நடந்த எபிசோடை அங்கே மட்டும் ஏறக்குறைய 2 கோடிப் பேர் பார்த்தார்கள். தொடர் பார்க்கிறவர்கள் காதில் அந்தக் குரல் முன்னமே ஏறியிருந்தது. பாட்டு வந்தபோது தெரிந்த பெண் பாடுகிறாள் என்று கேட்டார்கள். உனக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. பாட்டைப் பொறுத்தவரை நீ முதல் நாளிலிருந்து ஆரம்பிக்கிறாய். இதை அந்தக் கணக்கில் சேர்த்திருந்தால் ஒரு மாதத்தில் இப்படி இடிந்து உட்கார்ந்திருக்க மாட்டாய்.

நடிக்கிறவள் எதற்குப் பாட வேண்டும் என்று கேட்டார்களாமே, அதுதான் எனக்குக் கோபம் வரவைத்தது. பாகவதர் பிறந்த ஊரிலிருந்து போன பெண் நீ. இந்த மாயவரத்து மண்ணில் பிறந்த எம்.கே.தியாகராஜ பாகவதரிடம், நடிக்கிறவர் ஏன் பாடுகிறீர்கள் என்று யாராவது கேட்டிருப்பார்களா? பாடத் தெரிந்ததால்தான் அவருக்கு நடிக்கவே இடம் கிடைத்தது. இதே காவிரிக்கரையில் மேலே கொடுமுடியில் பிறந்த கே.பி.சுந்தராம்பாள், மேடையில் நடித்து, இசைத்தட்டில் பாடி, 1935-இல் ஒரே படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் வாங்கியவர். முகம் ஒருத்தர், குரல் ஒருத்தர் என்று பிரித்தது பின்னால் வந்த ஏற்பாடு. என் அப்பா, உன் தாத்தா, பின்னணிப் பாட்டைக் கடைசிவரை இரவல் குரல் என்றுதான் சொல்வார்.

இனி கொஞ்சம் கசப்பாகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. முதல் பாட்டும் மூன்றாவது பாட்டும் நன்றாக இல்லை. அதற்குக் காரணம் நீ அல்ல, ஆனால் நீ சம்மதித்திருக்கிறாய். உன் சுருதி நாலரைக் கட்டை; கட்டை ஏற ஏறக் குரலும் உயரே போக வேண்டும். பாட்டு வாத்தியாரம்மா ஏழு வயசிலேயே சொன்னது அது. அந்த இரண்டு பாட்டிலும் உன்னை ஆறு கட்டைக்கு ஏற்றிவிட்டு, குரல் எட்டாத இடத்தையெல்லாம் மெஷினில் சரிசெய்திருக்கிறார்கள். "மழை" என்று நீ பாடினால் 'ழ'வில் ஒரு சின்ன நடுக்கம் வரும், அப்பாயிடமிருந்து வந்தது அது. மூன்றாவது பாட்டில் அந்த இடம் இஸ்திரி போட்ட மாதிரி வழவழவென்று போகிறது. ஹெட்போன் போட்டு எட்டுத் தடவை கேட்டேன். அது யார் குரலும் இல்லை. சீரியலில் உனக்கு வேறொருத்தர் குரலைக் கொடுத்தார்கள் என்று வருத்தப்பட்டாயே, இங்கே உன் குரலையே எடுத்து வேறாக்கியிருக்கிறார்கள்.

நாலாவது பாட்டில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை. சரணத்தில் ஒரு இடத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு பாடுகிறாய், அதைக்கூட வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். அந்த அம்மா நின்றதும் அந்தப் பாட்டுக்குத்தான். அடுத்து எது பாடினாலும் நாலரைக் கட்டையில் பாடு. முடியாது என்று சொல்கிறவரிடம் வேலை செய்ய வேண்டாம். பணம் குறைந்தால் என்னிடம் கேள். கடை மாடியை வாடகைக்கு விட்டதில் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது. அடுத்த சீரியலில் சொந்தக் குரலில்தான் பேசுவேன் என்று கையெழுத்துப் போடும் முன்னாலேயே கேட்டுப் பார். கிடைக்கிறதோ இல்லையோ, கேள்.

சித்தப்பா மகன் வியாழக்கிழமை ராத்திரி உழவன் ரயிலில் வருகிறான். அவனிடம் ஒரு மஞ்சள் பை கொடுத்தனுப்புகிறேன். அம்மா செய்த எள்ளுருண்டை இருக்கும். அதற்கடியில் துண்டில் சுற்றிய பழைய டேப் பிளேயரும் ஒரு கேசட்டும் இருக்கும். கேசட் 2006-இல் எடுத்தது, உனக்கு அப்போது ஒன்பது வயசு. திண்ணையில் அப்பாயி நடவுப் பாட்டுச் சொல்லித்தர நீ கூடவே பாடுகிறாய். இடையில் பால்காரர் மணி கேட்கும். கடையின் கடைசி மெஷினில் நானே பதிந்தது, ஹெட்டை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டுத்தான் போட்டேன்.

'அ' பக்கம் முதல் அஞ்சு நிமிஷம் வெறும் இரைச்சல்தான், பயப்படாதே. டேப் ரொம்ப நாள் ஓடாமல் கிடந்தது, ஒட்டிக்கொண்டிருக்கும். எடுத்தவுடன் ரீவைண்ட் போடாதே, அறுந்துவிடும். ஒரு தடவை முழுசாக ஓட விட்டுவிட்டு அப்புறம் திருப்பு.

அன்புடன்,
அப்பா