மாடியில் அறை கட்டும் முன்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய மாடி பிளானைப் பார்த்தேன். அறை நன்றாகத்தான் இருக்கிறது. குளியலறைக் கதவை மட்டும் வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி வை, உள்ளே இடம் கிடைக்கும். மாப்பிள்ளை செங்கல்லிலிருந்து பெயின்ட் வரை கணக்குப் போட்டிருக்கிறார், சொத்து வரியை விட்டுவிட்டார். கட்டுகிற செலவு ஒரு தடவையோடு போகும். வரி வருஷா வருஷம் வரும்.

எல்லா வேலைக்கும் வரி ஏறிவிடாது. ஒழுகுகிற கூரையைச் சரிசெய்வது, ஒயரிங் மாற்றுவது, வெள்ளையடிப்பது எல்லாம் பராமரிப்பு. பெரும்பாலும் கணக்கில் வராது. பரப்பு கூடினால், உபயோகம் மாறினால் கதை வேறு. பால்கனியைச் சுவர் எழுப்பி அடைத்தால் அது அறைக் கணக்கில் சேர்ந்துவிடலாம். கார் ஷெட்டைக் கடையாக்கினால், ஒரு சதுர அடிகூடக் கூடாவிட்டாலும் வணிகக் கட்டடத்துக்கான வரி விழலாம்.

சில இடங்களில் சதுர அடியை வைத்து வரி, சில இடங்களில் வீட்டின் சந்தை மதிப்பை வைத்து. மதிப்பு முறை என்றால் சமையலறையைப் பகட்டாக மாற்றினாலே ஏறலாம். கலிஃபோர்னியாவில் புதிதாகக் கட்டிய பகுதியை மட்டும் இன்றைய விலைக்கு மதிப்பிடுவார்கள். பழைய பகுதியைத் தொடமாட்டார்கள். இங்கிலாந்தில் நீ வீட்டைப் பெரிதாக்கினாலும், பொதுவாக அதை விற்ற பிறகுதான் வரிப் படிநிலை உயரும். அதனால் உன் தோழி வீட்டு அனுபவத்தை நம்பாதே, உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் கேள்.

அனுமதி வாங்காமல் கட்டினால் யாருக்குத் தெரியும் என்று மேஸ்திரி கேட்டாராமே! அவர் கூலியை வாங்கிக்கொண்டு போய்விடுவார். நீ விற்கும்போதோ கடன் கேட்கும்போதோ, பத்திரத்தில் ஓர் அளவும் நேரில் ஓர் அளவும் இருக்கும். விட்டுப்போன வருஷங்களுக்கு வரியும் அபராதமும் சேர்த்துக் கேட்கலாம்.

மறுமதிப்பீட்டு நோட்டீஸ் வந்தால் தொகையை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடாதே. டேப்பை எடுத்து அளந்து பார். மொட்டை மாடியையும் அறையோடு சேர்த்து எழுதியிருந்தால் ஆட்சேபணை மனு கொடு. அதற்குக் கெடு உண்டு, தவறினால் அடுத்த மதிப்பீடு வரை அதையே கட்ட வேண்டியிருக்கும். பின்பக்கக் கொட்டகையை இடிக்கப்போகிறீர்களே, அதையும் எழுதிக் கொடு. கேட்காமல் யாரும் குறைக்கமாட்டார்கள்.

இந்த வாரமே வரி மதிப்பீட்டுப் பதிவேட்டின் நகலை வாங்கு. இப்போது எத்தனை சதுர அடி என்று போட்டிருக்கிறார்கள் என்று பார்த்து எனக்கு எழுது. மேஸ்திரிக்கு அட்வான்ஸ் அதற்கப்புறம் கொடுக்கலாம்.

அன்புடன்,
அப்பா