32-வது வளைவில் படுத்துக்கொண்ட கார்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் போன வாரமே வந்தது. சின்னவளுக்கு வேலை கிடைத்ததில் எங்கள் இருவருக்கும் சந்தோஷம். முதல் சம்பளத்தில் உனக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தாளா?

சரி, கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தாயே, வண்டி லிம்ப் மோடுக்குப் போகிறது, த்ராட்டில் பாடியையே மாற்றச் சொல்கிறார்கள் என்று. கோளாறு தெரிந்ததும் காரின் கம்ப்யூட்டர் வண்டியை ஊர மட்டும் விடுவதுதான் லிம்ப் மோடு; என்ஜினுக்குள் போகும் காற்றை ஒரு தகட்டால் கூட்டிக் குறைக்கும் பாகம்தான் த்ராட்டில் பாடி. மாற்ற உடனே தலையாட்டிவிடாதே. எனக்கும் ஆடி மாதம் இதே கூத்து நடந்தது.

அறப்பளீஸ்வரர் கோயிலுக்குக் கிளம்பியிருந்தோம். கொல்லிமலைப் பாதை உனக்குத் தெரியும், 70 கொண்டை ஊசி வளைவுகள். 32-வது வளைவில் திரும்பியதும் மஞ்சள் விளக்கு எரிந்தது. ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்தாலும் என்ஜின் சுற்றைக் காட்டும் ஆர்.பி.எம். முள் இரண்டாயிரத்தைத் தாண்டவில்லை. பின்னால் பஸ்காரர் ஹாரனிலிருந்து கையையே எடுக்கவில்லை. எப்படியோ ஓரம்கட்டி, சாவியை அணைத்துப் போட்டேன். ஒன்றுமே நடக்காத மாதிரி வண்டி கிளம்பியது. அறப்பளீஸ்வரர் காப்பாற்றினார் என்றாள் வீட்டுக்காரி. அவர் கருணை நாமக்கல் வரைக்கும்தான். ஊருக்குள் நுழைந்ததும் மறுபடி அதே கதை.

முதலில் போன பட்டறையில் பேட்டரி ஒயரைக் கழற்றி, டீ குடித்துவிட்டு வந்து மாட்டினார்கள். "ரீசெட் ஆயிடுச்சு சார்." மூன்று நாள் ஓடியது, திரும்பவும் படுத்துக்கொண்டது. அதைவிடப் பெரிய நஷ்டம், கம்ப்யூட்டர் குறித்து வைத்திருந்த கோளாறு எண்ணும் பேட்டரியோடு சேர்ந்து அழிந்துபோனது. நோயாளி பேச வாயெடுக்கும்போது வாயைப் பொத்தினால் வைத்தியர் என்ன செய்வார்?

அப்புறம் லாரி பேட்டை பக்கம் ஒரு எலக்ட்ரீஷியன் பையன் கிடைத்தான். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் ஸ்கேனரைச் சொருகினான். கோளாறு எண் பி 2119. த்ராட்டில் தகடு, கம்ப்யூட்டர் சொன்ன இடத்துக்குச் சரியாகப் போகவில்லை, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம்.

உன் அப்பாவின் வெள்ளைக் காரில் ஆக்சிலேட்டர் கேபிள் அறுந்து, பானெட் இடுக்கு வழியே நைலான் கயிறு கட்டி, நீ ஓட்ட நான் ஜன்னலில் தொங்கியபடி இழுத்து வந்தோமே? இப்போது அந்தக் கயிற்றுக்கு வேலையே இல்லை. பெடலில் இரண்டு சென்சார், த்ராட்டிலில் இரண்டு. ஒன்று சொல்வதை மற்றொன்றோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் தகட்டை அசைக்கும் மோட்டாரைத் திருப்புகிறது. கணக்கு இடித்தால் மோட்டாருக்குப் போகும் கரண்டை நிறுத்திவிடும். ஸ்பிரிங் தகட்டை லேசாகத் திறந்த நிலையில் பிடித்துக்கொள்ளும். அந்தக் காற்றில் ஊர்ந்து வீடு போய்ச் சேரலாம். யோசித்துப் பார்த்தால் நல்ல ஏற்பாடுதான், மலைப்பாதையில் மாட்டிக்கொள்ளாத வரைக்கும்.

ஏர் குழாயைக் கழற்றினால் தகட்டின் விளிம்பெல்லாம் பிசுபிசுவென்று கரி. என்ஜினிலிருந்து திரும்பி வரும் எண்ணெய் ஆவி படிந்து படிந்து இறுகியது. பையன் கரி நீக்கும் ஸ்ப்ரேயை நேராக அடிக்கவில்லை, துணியில் நனைத்துத் துடைத்தான். நான் ஆர்வக்கோளாறில் தகட்டை விரலால் தள்ளப் போனேன், கையைத் தட்டிவிட்டான். சாவி போட்டிருக்கும்போது தொட்டால் மோட்டார் சட்டென்று மூடி விரலைக் கடித்துவிடுமாம். பல்சக்கரமும் கெட்டுப்போகும்.

வேடிக்கை அதற்கப்புறம்தான். சுத்தம் செய்த வண்டி சும்மா நிற்கும்போதே 1,400-ல் உறுமியது. கெடுத்துவிட்டானோ என்று பதறினேன். விஷயம் இதுதான்: கரி அடைத்த காலத்தில் தகட்டை எவ்வளவு திறந்தால் ஐட்லிங் சீராக இருக்கும் என்று கம்ப்யூட்டர் பழகி வைத்திருக்கிறது. அடைப்பு போனதும் அதே திறப்பில் காற்று அதிகம் புகுந்துவிடுகிறது. புதிதாகப் பழக்க வேண்டும். உண்மையான ரீசெட் இதுதான், பேட்டரியைக் கழற்றுவது இல்லை.

என் வண்டிக்கு அவன் செய்த முறை: ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டு அரை நிமிடம் விட்டான். உள்ளே தகடு ஒருமுறை மூடித் திறக்கும் சத்தம் கேட்டது. அணைத்துவிட்டுக் கொஞ்சம் பொறுத்து ஸ்டார்ட். ஏசி, லைட் எதுவும் இல்லாமல், பெடலைத் தொடாமல், ரேடியேட்டர் ஃபேன் சுற்றும் வரை சூடாக விட்டான். பிறகு ஏசி போட்டு ஐந்து நிமிடம். முள் மெல்ல இறங்கி 750-ல் உட்கார்ந்தது. எல்லா வண்டிக்கும் இதே முறை கிடையாது. நிசானில் பெடலை எண்ணி எண்ணி மிதிக்க வேண்டும், ஃபோக்ஸ்வேகனில் ஸ்கேனரிலேயே கட்டளை கொடுக்க வேண்டும். உன் வண்டிக்கு எது என்று கேட்டுக்கொள்.

ஆனால் முதலில் எண்ணைப் பார். பி 2135 என்று வந்தால் துடைத்துப் பிரயோஜனமில்லை. த்ராட்டிலின் இரண்டு சென்சாரும் ஒன்றுக்கொன்று முரணாகப் பேசுகின்றன என்று அர்த்தம். கனெக்டரில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா, ஒயரை எலி கடித்திருக்கிறதா என்று பார்க்கச் சொல். உங்கள் தெருவில் எலிக்குப் பஞ்சமே இல்லை. அதெல்லாம் சரியாக இருந்தும் கோளாறு போகாவிட்டால் மாற்றித்தான் ஆக வேண்டும், அப்போது நான் தடுக்க மாட்டேன். புதிதாகப் போட்டாலும் இந்தப் பழக்கும் வேலையைச் செய்யாமல் வண்டியை வாங்காதே.

எண்ணைப் பார்த்ததும் ஒரு போன் போடு. அதுவரை மலைப்பக்கம் வண்டியை எடுக்காதே.

அன்புடன்,
பழனி